வினையும் பழியும்

காவிரி நாட்டின் நெல்வயல்கள் தெற்கே முடிவுற்று, உப்பளமும் காடும் கடலும் ஒன்றையொன்று அடுத்து நிற்கும் இடத்தே விளங்குவது கோடியக்கரை. ஏழாந் திருமுறையிற் பாடல்பெற்ற கோடிக்குழகர் திருக்கோயில் அங்குளது. அவ்வூரின் ஆதிசேது என்னும் கடற்றுறையில் ஆடியமாவாசையினும் தையமாவாசையினும் மக்கள் பெருந்திரளாகக் கூடி நீராடித் தென்புலத்தார்க்கு நீர்க்கடன் இறுப்பர். அத்தகைய தையமாவாசை ஒன்றில் யாம் அத்துறையிற் கண்டதும் கேட்டதுமே இதனை எழுதுதற்கு ஏதுவாயின.

உப்பளத்திற் கூலிவேலை செய்யும் தாயொருத்தி, ஏறத்தாழ ஆறு வயதுள்ள தன் மகனைக் கைப்பிடித்து அலைக்கரையில் நின்றாள். சிறுவன் பேசவில்லை, கூப்பிட்டாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல் எழுந்தபோதெல்லாம் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினான். அது தணிந்தபோது ஈரமணலை விரல்வழியே ஒழுகவிட்டு, வைத்த கண் வாங்காது அதனையே நோக்கி மகிழ்ந்தான். அருகு நின்ற முதியவர் ஒருவர், "இது நீங்கள் செய்த பாவம், அம்மா! பெற்றோர் வினை பிள்ளை தலையில் விடிந்திருக்கிறது, பிதிரர் சாபமும் இருக்கும்" என்றார். அம்மாது அவர்க்கு விடை கூறவில்லை. சிறிது நேரங் கழித்து எம்மிடம் வந்து, "நிறைமாதத்தில் வெயிலில் நின்று உப்பு வாரினேனே, அதனாலா சாமி? பால்குடி மறக்குமுன் இவனைத் தொட்டிலில் விட்டுக் கூலிக்குப் போனேனே, அதனாலா?" என்று வினவினாள். அழுது ஓய்ந்த குரல் அது. இவ்வினாவை அவள் தன்னைத்தானே பல்லாண்டு கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அக்குரலிலேயே தெரிந்தது.

அம் முதியவர் புறச்சமயி அல்லர். நெற்றியில் திருநீறும் கழுத்திற் கண்டிகையும் உடையவர். சாத்திர வகுப்புக்களுக்குச் செல்பவர் என்றும் அறிந்தோம். ஆதலின் அவர் கூற்றை அறியாதார் பேச்சென்று விட்டுவிடுதல் இயலாது. நம் சித்தாந்தத்தின் பெயரால் ஒரு தாயின்மேற் பழி சுமத்தப்பட்டது. அப்பழி நம் நூற்கு ஒத்ததன்று என்று காட்டுதல் நம் கடனாகும்.

முதற்கண், அச்சிறுவனிடத்துக் காணப்பெற்றவை எவற்றின் குறிகளாதல் கூடும் என்பதைச் சிறிது நோக்குவாம். இத்தகைய இயல்பினை ஆட்டிசம் என இக்கால மருத்துவ நூலார் வழங்குவர். தமிழில் மதியிறுக்கம் என்பாரும் உளர். மதி இறுகிவிட்டது என்னும் பிழைபட்ட கருத்தை அச்சொல் தருதலின், வழக்கிலுள்ள ஆட்டிசம் என்பதையே யாம் ஆள்கின்றோம். பிறரோடு பழகும் முறையிலும், பேச்சிலும், ஒலி ஒளி ஊறு முதலியவற்றைப் புலன்கள் ஏற்கும் அளவிலும் காணப்படும் வேறுபாடு இது. ஒரு குழந்தை சிறிதும் பேசாது, மற்றொன்று மிகப் பேசும், ஒன்றைப்போல் ஒன்றிராது. மூளை உருவாகுங் காலத்திலேயே, பெரும்பாலும் பிறப்பதற்கு முன்னரே, இவ்வேறுபாடு தொடங்குகிறது என்றும், வழிவழி வரும் மரபுக்கூறுகள் இதிற் பெரும்பங்கு கொள்கின்றன என்றும், வளர்ப்பின் குறையால் இது வருவதில்லை என்றும் ஆராய்ச்சியாளர் துணிந்துள்ளனர். தொட்டிலில் விட்டுக் கூலிக்குப் போனதனால் இது வரவில்லை. அத்தாய்க்கு யாம் முதலிற் கூறிய விடையும் அதுவே.

பெற்றோரைப் பழித்தல் நம் நாட்டார் மட்டும் செய்த பிழையன்று. அறிவியல் தழைத்த மேனாட்டிலும் அது நிகழ்ந்தது. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளின் வரலாற்றை வரைந்து இவ்வியல்பை உலகறியச் செய்தார். இது பிறவியிலேயே அமைவது என்று அன்று கருதிய அவரே, 1949-ஆம் ஆண்டில் பெற்றோரின் குளிர்ந்த நெஞ்சத்தைக் குறைகூறி, அக்குழந்தைகள் குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டார் போல வளர்ந்தனர் என்னும் கருத்துப்பட எழுதினார். 1967-ஆம் ஆண்டில் புரூனோ பெட்டல்ஹைம் என்பார் ஒரு நூலெழுதி அப்பழியை நாடெங்கும் பரப்பினார். அந்நாளில் எத்தனை தாய்மார் தம் மகவை வருத்தியவர் தாமே என்று நம்பி நெஞ்சுடைந்திருப்பர்!

அப்பழியை முதலில் எதிர்த்தவருள் ஒருவர் பெர்னார்டு ரிம்லாண்டு. அவர் உளநூல் வல்லவர். ஆட்டிசம் உடைய ஒரு மகனுக்குத் தந்தையுமாவார். 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இது உடற்கூற்றின் வழியது, பெற்றோரின் அன்பின்மை வழியதன்று என்று நிறுவ முயன்றார். 1969-ஆம் ஆண்டில் கானரே பெற்றோர் கூடிய அவையின்முன் நின்று, அவர்களைப் பழியினின்றும் விடுவிப்பதாகக் கூறினார். 1977-ஆம் ஆண்டில் சூசன் போல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, மரபுக்கூற்றின் பங்கைப் புலப்படுத்தினர். பின்னும் 1998-ஆம் ஆண்டில், அம்மை தடுக்கும் ஊசியொன்றை இதனோடு தொடர்புபடுத்திய கட்டுரை ஒன்று இலண்டனில் வெளிவந்தது. பிள்ளைக்கு ஊசி போடுவித்த பெற்றோர் அதன்பின் தம்மையே நொந்துகொண்டனர். அக்கட்டுரை பிழையுடையதென 2010-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் கற்பதற்கு ஒன்றுளது. பழித்தவருள் ஒருவரே பெற்றோரைப் பழியினின்றும் அவையறிய விடுவித்தார்; பிழைபட்ட கட்டுரையை வெளியிட்ட இதழே அதனைத் திரும்பப் பெற்றது. ஆதிசேதுவின் கரையில் நம்மவர் நாள்தோறும் சுமத்தும் பழியை எந்த அவையில் எவர் திரும்பப் பெற்றார்? கடவுட் கொள்கையில்லாத ஆராய்ச்சி காட்டிய நேர்மையைக் கண்டிகை அணிந்த நாம் காட்டாதிருத்தல் நாணத்தக்கதன்றோ?

இனி, நூல்வழி ஆராய்வாம். பெற்றோர் வினை பிள்ளையைச் சேர்ந்தது என்பது முதற் கூற்று. வினை செய்த உயிரே அதன் பயனை நுகரும் என்பது சித்தாந்தத் துணிபு. வினை சடமாதலின் அது தானே சென்று ஒருவரைப் பற்றமாட்டாது. செய்த உயிரை அறிந்து அவ்வுயிர்க்கே ஊட்டுபவன் இறைவன். செய்தவன் ஒருவன், நுகர்பவன் மற்றொருவன் எனின், செய்த வினை பயனின்றிக் கெடுதல், செய்யாத வினையின் பயன் வந்தடைதல் என்னும் இரு குற்றமும் நேரும். வடநூலார் இவற்றைக் கிருதநாசம், அகிருதாப்பியாகமம் என்பர். வினையை ஏற்கும் பிற சமயத்தாரும் இவ்விரண்டையும் குற்றமென்றே விலக்கினர். ஆகவே, 'நீ செய்த பாவத்தை உன் மகன் சுமக்கிறான்' என்பவர், இறைவன் ஆள்மாறி ஊட்டினான் என்று அவன் நீதியையே பழிக்கின்றார். தாயைப் பழிக்கப் புகுந்து தலைவனைப் பழித்தல் இதுவாம்.

அற்றேல், அச்சிறுவன் தன் சொந்த வினையாலேயே அவ்வாறு பிறந்தான் என்போம் எனின், அதனையும் நோக்குவாம். வினையின்றி உடம்பெடுத்தார் எவருமிலர். பட்டம் பெற்ற மகனைப் பெற்றவரும், பேசாத மகனைப் பெற்றவளும், பழி கூறிய முதியவரும், இதனை எழுதும் யாமும் பிராரத்தம் நுகர வந்தவர்களே. எல்லார்க்கும் பொதுவாகிய ஒன்றை ஒரு குழந்தைக்கு மட்டும் எடுத்துக் கூறுதல் சாத்திரமாகாது. அது சாத்திரத்தின் உடையணிந்த ஏளனம். அன்றியும், எவ்வினை எப்பிறவியில் எவ்வண்ணம் பயன் தரும் என்றறிதல் முற்றுணர்வுடைய பதிக்கே உரியது. உயிரோ சிற்றறிவினது, காட்டினாலன்றிக் காணமாட்டாதது. பிறர் சஞ்சிதத்தைப் படித்தறிந்தாற்போற் பேசுபவர், தமக்கில்லாத முற்றறிவைத் தமக்கு ஏற்றிக்கொள்கின்றார். மேலும், தன் பிராரத்தத்தைப் பொறுமையோடு நுகர்பவள்மேற் சுடுசொல் எறிபவர் புதுவினை ஈட்டுகின்றார். பிறர் பிராரத்தத்தை ஆராயப் புகுந்தவர் தம் ஆகாமியத்தைப் பெருக்கிக்கொண்டார் என்பதே அக்கரையில் நிகழ்ந்தது.

பேறும் இழவும் இன்பமும் பிணியும் மூப்பும் சாக்காடும் உயிர் கருவில் உறும்போதே அமைந்தன என்பது சிவஞானசித்தியார் கொள்கை. ஆட்டிசத்தைப் பிணி எனல் தகுமோ என்பது வேறு ஆராய்ச்சி. இங்கு வேண்டுவது இவ்வளவே: கருவில் அமைந்த ஒன்றைப் பின்னர்த் தாய் தாலாட்டிய முறையினாலோ, கூலிக்குப் போனதனாலோ வந்ததெனக் கூறுவார்க்கு நம் சாத்திரம் இடந்தரவில்லை. பெற்றோர் தமக்கு வருவனவும் தம் பிராரத்தமே அன்றோ எனின், ஆம். ஆனால் பிராரத்தம் என்பது துன்பம் மட்டுமன்று, இன்பமும் ஆகும். அக்குழந்தை முழுதும் துன்பமே என்று அவர்க்கு உரைத்தவர் யார்? மணல் விரல்வழி ஒழுகுங்கால் மகன் முகத்தில் எழுந்த மகிழ்ச்சியைக் கண்டு அத்தாய் முறுவலித்ததை யாம் கண்டோம். அந்த முறுவல் யார் கணக்கில் எழுதப்படும்? இன்னும், இறைவன் வினையூட்டுதல் பழிவாங்குதற்கு அன்று. மலம் பரிபாகமுறுதற் பொருட்டு. வைத்தியன் கீறுதலும் கருணையே யென்று உணர்ந்த சமயம் நம்முடையது. அக்கருணையைச் சாபமென்று பெயர்மாற்றுதல் தகாது.

இனி, அறிவில்லாத பிள்ளை என்னும் சொல்லை ஆராய்வாம். உயிர் சித்து; அதன் அறிவு எவ்வுடம்பிலும் ஒருவாற்றானும் அழிவதில்லை. தனு கரணங்களாகிய கருவிகளே உயிர்தோறும் வேறுபடும். விளக்கின் கண்ணாடி வேறு, சுடர் வேறு. வாக்குச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்கு என்றும், செவிக்குப் புலனாவது வைகரி ஒன்றே என்றும் நாம் கற்கின்றோம். வைகரி எழாமையால் மத்திமையும் இல்லையென்று முடிவு கட்டுதல் எந்நூலின் வழி? நாவிற் சொல் எழாத பிள்ளையினுள்ளே எண்ணமும் விருப்பமும் அச்சமும் அன்பும் உள. படத்தைக் காட்டியும், கைக்குறியாலும், எழுத்துப் பலகையாலும், கணினிக் கருவியாலும் தம் கருத்தை வெளியிடப் பயின்ற குழந்தைகளை இன்று பல பள்ளிகளிற் காணலாம். நம் முன்னோர் கூறிய வாக்கின் இலக்கணத்தை நம்பியிருந்தால், அப்பள்ளிகள் செய்வதை நாமே முன்னர்த் தொடங்கியிருக்கலாம்.

பேசாத பிள்ளை என்றவுடன் ஸ்ரீ குமரகுருபர சுவாமிகள் வரலாற்றை எடுத்துக் கூறுவார் பலர். ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்து, ஐந்தாண்டு வாய் பேசாதிருந்து, திருச்செந்தூர்ச் சந்நிதியில் வாக்குப்பெற்றுக் கந்தர் கலிவெண்பா அருளியவர் அப்பெருந்தகை. இவ்வரலாறு நமக்கு அமுதம். ஆனால் சிலர் அதனை நஞ்சாக்கி, 'அவர் பெற்றோர்க்கு இருந்த பத்தி உனக்கில்லை. அதனாலேயே உன் மகன் பேசவில்லை' என்கின்றனர். அருள் கூலியன்று, இத்தனை நோன்பிற்கு இத்தனை சொல் என்று அளந்து தரப்படுவதுமன்று. அவ்வரலாற்றில் நாம் கொள்ளவேண்டுவது வேறொன்று. பேசாத மகனை அப்பெற்றோர் உள்ளறையில் ஒளித்து வைக்கவில்லை; கைப்பிடித்து ஊரறியச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றனர். திருவாரூர்த் தண்டியடிகள் நாயனாரும் பிறவியிலேயே கண்ணில்லாதவர். சேக்கிழார் சுவாமிகள் அவர் பெற்றோரின் பாவத்தை ஆராயவில்லை. கயிறு தடவிக் குளந் தோண்டிய அவர் தொண்டையே போற்றினார். பிறவிக் குறையைக் காட்டி இகழ்ந்தவர் அந்தப் புராணத்தில் யார் என்பதை அன்பர்கள் அறிவர். அவர் நின்ற இடத்தில் நாம் நிற்கலாமா?

பெற்றோர்க்கும் ஒரு சொல். 'நானே காரணம், நானே கெடுத்தேன்' என்னும் நினைவு இரவெல்லாம் நெஞ்சை அரிப்பதை அறிவோம். படைத்தலும் காத்தலும் உம்முடைய தொழில்கள் அல்ல. நீர் செய்யாததை நீர் செய்ததாகச் சுமத்தல் வேண்டா. அச்சுமையை உடையவன் திருவடியில் இறக்கிவிடுக. ஆயினும், பொறுமை இழந்து ஒருநாள் அடித்ததுண்டு. விருந்தினர் வந்தபோது அறையிற் பூட்டியதுண்டு. உடன்பிறந்த குழந்தையைக் கவனியாது விட்டதுண்டு எனின், அவற்றிற்கு இரங்குதல் தகும். அவ்விரக்கம் நோயன்று, மருந்து. இனி அவ்வாறு செய்யாமையே அதற்குக் கழுவாய். அடித்தமைக்கு இரங்குக, பெற்றமைக்கு இரங்கற்க. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே பெற்றோர் பலரை வீழ்த்துவது.

பொய்ப்பழி மனத்தை வருத்துவதோடு நில்லாது, காலத்தையும் கொள்ளைகொள்ளும். இரண்டு மூன்று வயதிலேயே தக்க பயிற்சி தொடங்குதல் குழந்தைக்குப் பெரிதும் துணையாகும். அவ்வரிய ஆண்டுகளைப் பரிகாரத்துக்குமேற் பரிகாரமாகவும், தீர்த்துவைப்போம் என்று பணம் பறிப்பார் வாயில்தோறுமாகவும் பெற்றோர் அலைந்து கழிக்கின்றனர். தீர்த்தமாடுதலை யாம் விலக்குகின்றோமில்லை. ஆதிசேதுவில் நீராடுக, குழகரை வணங்குக, அன்பினால் வணங்குக, குற்றவாளி தண்டம் இறுப்பான் போல வணங்கற்க. நீராடிய கையோடு குழந்தையை மருத்துவரிடமும் பயிற்சி தருவாரிடமும் அழைத்துச் செல்க. எமக்குப்பின் இவனுக்கு யார் என்னும் அச்சம் பெற்றோர்க்கு எல்லாவற்றினும் பெரிது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உடையார்க்குக் காப்பாளரை நியமிக்க வழிசெய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் பட்டியலிற் சேர்த்து, கல்வி முதலியவற்றில் உரிமை வழங்குகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையார்க்கென மத்திய அரசின் நிறுவனம் ஒன்றும் உண்டு. ஆனால் கோடியக்கரையிலிருந்து ஒரு சான்றிதழ் பெறுதற்கு ஒரு நாட்கூலியை இழந்து நாகப்பட்டினம் செல்லவேண்டிய தாய்க்கு, இவையெல்லாம் ஏட்டிலுள்ள கரும்பே. படித்த அடியார் ஒருவர் அவளுடன் சென்று படிவம் நிரப்பிக் கொடுத்தால், அதுவே அன்றைய சிவபூசையின் நிறைவாகும்.

திருக்கோயில்களிலும் நாம் செய்யத்தக்கன உள. முரசும் மணியும் ஒருங்கே முழங்கும் வேளையில் சில குழந்தைகள் தாங்கமாட்டாது அலறும். 'சந்நிதியில் என்ன கூச்சல்' என்று உருத்து நோக்கற்க. கூட்டமில்லாத வேளையில் அவர்கள் அமைதியாக வழிபட ஒழுங்கு செய்க. ஓதுவார் ஒருவர் மெல்லிய குரலில் ஒரு பதிகத்தை ஒரே பண்ணில் நாள்தோறும் பாடக் கேட்பின், மாறாத ஒழுங்கை விரும்பும் குழந்தை அதிலே இளைப்பாறவுங் கூடும். அமாவாசை ஒழிந்த நாட்களிற் கோடிக்குழகர் சந்நிதியின் அமைதியோ அக்குழந்தைகட்கே அமைந்தது போன்றது.

அச்சந்நிதியில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டி முடிப்பாம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் சேரமான் பெருமாள் நாயனாரோடு திருமறைக்காடு தொழுது, அகத்தியான்பள்ளி வணங்கி, இத்தலத்திற்கு எழுந்தருளினார். காடு சூழ்ந்த கடற்கரையில், பக்கத்தே குடிகளின்றி இறைவன் தனித்திருத்தல் கண்டு உள்ளங் கலங்கிக் கண்ணீர் பெருக்கினார். தனித்திருப்பவனைக் கண்ட அவர் நெஞ்சில் எழுந்த வினா, இது யார் குற்றம் என்பதன்று. இங்கே உமக்குத் துணை யார் என்பதே. உடன் நின்ற சேரமான் பெருமாளோ கழறிற்றறிவார் என்னும் திருப்பெயர் உடையவர். எல்லா உயிர்களும் கழறுவனவற்றை அறியும் பேறு பெற்றவர். பேசாத மகனின் ஒவ்வோர் அசைவுக்கும் பொருளறிந்து, இது பசி, இது அச்சம், இது மகிழ்ச்சி என உணர்ந்து வாழும் தாய், அந்நாயனார் பெற்ற பேற்றில் ஒரு துளியைத் தன் அன்பினால் பெற்றவளன்றோ? அவளை நாம் வணங்கவேண்டும். வாய் கூசாது பழித்தோம்.

ஆதலின், சைவ நன்மக்காள்! அக்கடற்கரையிலோ, உம் தெருவிலோ, உம் சுற்றத்திலோ இத்தகைய தாயையும் தந்தையையும் காணுந்தோறும், 'என்ன பாவம் செய்தீர்' என்னும் வினாவை நம் நாவினின்றும் ஒழிப்போமாக. அது நம் நூற்கு ஒவ்வாதது, நம் ஆசாரியர் கேளாதது. தம்பிரான் தோழர் இத்தலத்திற் கேட்ட வினாவையே கேட்போமாக: உமக்குத் துணை யார்? கேட்டபின் விடைக்குக் காத்திராது, துணையாக அருகில் நிற்போமாக.

திருச்சிற்றம்பலம்.